கடலோர லைனில் ஒரு தலைதீபாவளி

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். நாரணாபுரத்துல பட்டாசுச் சரம் பின்னுற ஷெட்டுல என்கூட உட்கார்ந்த பொம்பளைக யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, சொல்லுவாக. வாயும் கொஞ்சம் நீளம்தான். அப்படிப்பட்டவளுக்குன்னு கடவுள் பாத்து ஒரு ஊமைச்சாமியைக் கட்டி வச்சாரு. எங்க வீட்டுக்காரரு ரயில்வேயில கேங்மேன். தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியை அள்ளிப் போட்டு இறுக்குறது, இத்துப்போன கட்டையை மாத்துறது, லைன் கோணாமப் பாத்துக்கிறது, அதான் வேலை. விருதுநகர்ல குவார்ட்டர்ஸ் குடுத்திருந்தாக. காலையில கிளம்பும்போது "வர்றேன்"னு சொல்லுவாரு. சாயங்காலம் வந்து "சாப்பிட்டியா"ன்னு கேப்பாரு. கல்யாணமான புதுசுல எங்க குடும்பம் இந்த ரெண்டு வார்த்தையிலயே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அவரோட அப்பாவும் கேங்மேன்தான். இவரு பள்ளிக்கூடம் போற வயசுலயே அவரு லைன் வேலையில இருக்கும்போது தவறிட்டாரு. வயசு வந்ததும் வாரிசுக்குன்னு இவருக்கு அந்த வேலையைக் குடுத்தாக. எங்க கல்யாணத்தப்ப வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு, இன்னும் நிரந்தரம் ஆகலை. அப்பாவைப் பத்தின பேச்சை அவரு எடுக்கவே மாட்டாரு. நான் எடுத்தாலும் தண்ணி குடிக்கப் போற மாதிரி எந்திரிச்சுப் போயிருவாரு.

எங்க அப்பா வேற மாதிரி. பட்டாசுக் கம்பெனியில மருந்து செலுத்துற வேலை. எம்புட்டுத் தேச்சுக் குளிச்சாலும் நகக்கண்ணுல வெள்ளி நிறத்துல பவுடர் ஒட்டியிருக்கும். பேச்சுன்னா அவருக்கு உசிரு. வேன்ல கம்பெனிக்குப் போறப்ப அவரு ஒருத்தரு பேச, மீதி அத்தனை பேரும் கேட்டுக்கிட்டு வருவாக. அப்படி ஒரு மனுசனுக்கு மாப்பிள்ளை விசயத்துல ஒரு குறை உண்டாயிருச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து இவரு அவரை ஒரு தடவைகூட "மாமா"ன்னு கூப்பிடலை. வாங்கம்பாரு, இருங்கம்பாரு, சாப்பிடுங்கம்பாரு. முன்னாலயோ பின்னாலயோ மாமா வராது. மாமான்னு சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்துருமாக்கும்னு நானே ஒருநாள் இவருகிட்டக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அப்பா இதைச் சும்மா விடலை. ராத்திரி பகலா யோசிச்சு ஒரு காரணம் கண்டுபிடிச்சாரு. கல்யாணப் பந்தியில மாப்பிள்ளையோட அக்கா உட்கார்ந்த வரிசைக்கு வர்றப்பப் பாயசம் தீர்ந்துபோச்சு. மோரை ஊத்திச் சமாளிச்சோம். அந்தப் பாயசம்தான் மாப்பிள்ளை மனசுல கிடந்து புளிக்குதுன்னு அப்பா முடிவு கட்டிட்டாரு. "தலைதீபாவளிக்கு வரட்டும் தாயி, அண்டா நிறையக் காய்ச்சி அவரு மனசைக் குளுர வச்சிர்றேன்"னாரு. எங்க பக்கம் பொண்ணுக்குக் கல்யாணமாகி வர்ற முதத் தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்தே ஆகணும். அதுலயும் பட்டாசுக்காரன் வீடு. முத வெடியை மாப்பிள்ளை கையால கொளுத்தணும்னு கம்பெனியில குடுத்த பெட்டியைப் பிரிக்காம அப்பா பரண் மேல ஏத்தி வச்சிருந்தாரு.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில கடல்ல புயல் உருவாகியிருக்குன்னு ரேடியோவுல சொன்னாக. எங்க ஊருக்காரங்களுக்கு அந்த நேரத்துல மழை ஆகாது. காயப்போட்ட சரக்கு காயாது, லோடு போகாது. அந்த வருசம் புயல் ராமநாதபுரம் பக்கமாத் திரும்பிருச்சு. இங்கன நாலு தூறல்தான். நாங்கள்லாம் சாமிக்குத் தேங்காய் உடைச்சோம். அது எங்க வீட்டு மாப்பிள்ளையை அள்ளிக்கிட்டுப் போகப் போகுதுன்னு யாரு கண்டா?

மறுநாள் சாயங்காலம் அவரு வேலையில இருந்து வந்ததும் வராததுமாப் பையில ரெண்டு கைலியையும் போர்வையையும் திணிச்சாரு. ராமேஸ்வரம் லைனை மண்டபத்துக்கு இந்தப் பக்கம் கடல் அரிச்சிருச்சாம், எல்லா கேங்குல இருந்தும் ஆளு எடுக்காகளாம். தீபாவளிக்கு வந்துருவீகள்லன்னு கேட்டேன். "பாப்போம்"னு சொல்லிட்டுப் படி இறங்கிட்டாரு. பாப்போமாம்! கையில இருந்த கரண்டியை அடுப்படியில வீசுனேன்.

தீபாவளிக்கு முந்துன நாள் நான் மட்டும் நாரணாபுரம் வந்து இறங்குனேன். ஸ்டேசன் ஆளு ஒருத்தரு வந்து வேலை முடியலையாம், வர முடியாதாம்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. அப்ப எல்லார் கையிலயும் செல் கிடையாது, நேராப் பேச வழியில்லை. அம்மா அதிரசத்துக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. மஞ்சள் தடவி வச்சிருந்த புதுவேட்டி சட்டை விடிஞ்சும் மணையில அப்படியே கிடந்துச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எண்ணெய் தேச்சுக் குளிச்சு முடிக்கிறதுக்குள்ள நாலு பேரு வந்து எட்டிப் பாத்துட்டாக. மாப்பிள்ளை எங்கங்காக. புயலா, இங்கன ஒண்ணையும் காணமேங்காக. மாப்பிள்ளை முறுக்கா இருக்கும், ஒரு மோதிரத்தைப் போட்டுக் கூப்பிடுங்கன்னு ஒருத்தி சிரிக்கா. நான் அவளைக் கேட்ட கேள்வியில அவ ஒரு வருசம் எங்க தெருப்பக்கம் வரலை.

ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். வராத மனுசன் ஒரு வார்த்தை ஆசையாச் சொல்லி அனுப்பியிருக்கலாம்ல? நான் வேண்டாமா, எங்க வீட்டு மனுசங்க வேண்டாமா, இல்ல எல்லாமே வேண்டாமா? தெருவெல்லாம் வெடிக்குது, எங்க வாசல்ல மட்டும் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தலை. அப்பா பரணைப் பாத்துக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தாரு.

தீபாவளி முடிஞ்சா எங்க பக்கம் கம்பெனியெல்லாம் கொஞ்ச நாளைக்குப் பூட்டிக் கிடக்கும். அப்பா சும்மா இருக்க முடியாம ஒருநாள் காலையில முகச்சவரம் பண்ணி, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கிட்டு என் முன்னால வந்து நின்னாரு. "கிளம்பு தாயி. அவரு வரலைன்னா நாம போவோம். நேர்ல பாத்துக் கேட்டுருவோம். நம்மளை வேணுமா வேண்டாமான்னு தெரியணும்ல"ன்னாரு. அம்மா ஒரு தகர டின் நிறைய அதிரசமும் முறுக்கும் அடுக்கிக் குடுத்தா. டின் கனமா இருந்துச்சு. முறுக்கு இம்புட்டுக் கனமாவா இருக்கும்னு எனக்கு அப்ப ஓடலை. அடியில அப்பா பட்டாசை வச்சிருந்தது தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா? பஸ்ஸோ ரயிலோ, வெடி கொண்டு போகக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கிறதைப் படிக்கத் தெரிஞ்சவ நான். அப்பாவுக்கும் தெரியும். ஆனா வெடி இல்லாம மாப்பிள்ளை முன்னால போய் நிக்க அவருக்குக் கூசியிருக்கு.

அருப்புக்கோட்டை, பரமக்குடி, ராமநாதபுரம்னு பஸ் மாறி மாறிப் போனோம். ராமநாதபுரம் தாண்டுனதும் அப்பா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாரு. பனைமரம் வரிசையா வேரோட சாஞ்சு கிடக்கு. ஓடு போன வீட்டு மேல கிடுகைப் போட்டு மூடியிருக்காக. கரண்ட் கம்பம் மடிஞ்சு வயக்காட்டுல கிடக்கு. ஒரு கோயில் வாசல்ல ஒரு வள்ளம் ஏறிக் குப்புறக் கிடந்துச்சு. "புயல் நெசம்தான்போல"ன்னு அப்பா மெதுவாச் சொன்னாரு. அம்புட்டு நாளும் அதை அவரு முழுசா நம்பலைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது.

ரோட்டுல இறங்கி லைனைப் பிடிச்சு நடந்தோம். நான் தண்டவாளம் பாக்காதவ இல்லை, குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னா விருதுநகர் ஸ்டேசன் தெரியும். ஆனா அங்கன பாத்தது தண்டவாளமாவே தெரியலை. தண்டவாளம் போற மண்கரையை ஒரு பக்கமாக் கடல் தின்னுட்டுப் போயிருக்கு. மண்ணும் இல்லை, ஜல்லியும் இல்லை. ரெண்டு தண்டவாளமும் கட்டையோட கயித்து ஏணி மாதிரி அந்தரத்துல தொங்குது. கீழ தண்ணி அலம்புது. அந்த இடத்தை அப்பத்தான் அடைச்சுக்கிட்டு வந்தாக. மணல் மூட்டையை வரிசை வரிசையா அடுக்கி, மேல கல்லு, அதுக்கு மேல மண்ணு, அதுக்கு மேல ஜல்லி. பாதி தூரம் கட்டி முடிச்சாச்சு, மீதி நடக்குது. எறும்பு மாதிரி ஆளுக ஏறவும் இறங்கவுமா இருந்தாக.

அதுல எங்க வீட்டுக்காரரை என்னால கண்டுபிடிக்க முடியலை. அப்பாதான் காட்டுனாரு. தலையில ஜல்லிக் கூடையோட கரைமேல ஏறிக்கிட்டு இருந்தாரு. கருத்து, தாடி வளந்து, உதடெல்லாம் உப்புல வெடிச்சு, கால் முட்டி வரைக்கும் சேறு. எங்களைப் பாத்ததும் கூடையோட அப்படியே நின்னுட்டாரு. பின்னால வந்தவன் இடிச்சதும்தான் நகர்ந்தாரு. "வாங்க"ன்னாரு. என்னை ஒரு பார்வை பாத்தாரு. கூடையைக் கொட்டப் போயிட்டாரு.

"பாத்தியா"ன்னாரு அப்பா.

கொஞ்ச நேரம் கழிச்சு எங்க வீட்டுக்காரரு கையைக் கழுவிக்கிட்டு வந்தாரு. சாப்பிட்டீகளான்னு கேட்டாரு, பஸ் கூட்டமான்னு கேட்டாரு. அவரு உள்ளங்கைத் தோல் உரிஞ்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. எனக்கு அதைப் பாத்ததும் சேத்து வச்சிருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை, கண்ணு நிறைஞ்சிருச்சு. என் கை அவரு கையைப் பிடிக்கப் போச்சு. அத்தனை ஆம்பளைக முன்னாலன்னு இழுத்துக்கிட்டேன். அதுக்குள்ள விசில் ஊதிட்டாக. அன்னிக்குச் சாயங்காலம் கட்டி முடிச்ச கரைமேல முத முதலா ஜல்லி ஏத்துன ரயில் வண்டியை விடப் போறாகளாம், அதனால இன்ஸ்பெக்டர் யாரையும் உட்கார விட மாட்டாருன்னு சொல்லிட்டு ஓடுனாரு. இன்ஸ்பெக்டர்னா அந்த லைன் வேலைக்கெல்லாம் பெரியவரு. வத்தலா இருப்பாரு, தொப்பி போட்டிருப்பாரு, தொண்டை மட்டும் வெங்கலம். ரெண்டு ராத்திரியாத் தூங்கலைன்னு கேங்குக்குப் பொங்கிப் போடுற சமையக்காரர் சொன்னாரு.

அப்பா ஒரு பனையடியில உட்கார்ந்து வேலையைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. இடுப்பளவுத் தண்ணிக்குள்ள இறங்கி மாப்பிள்ளை மூட்டை வாங்கி அடுக்குறாரு. ஒரு அலை வந்து தோளுக்கு மேல அடிக்குது, வழிச்சுவிட்டுட்டு அடுத்த மூட்டைக்குக் கையை நீட்டுறாரு. அப்பாவும் உழைக்கிற மனுசன், உழைப்பைப் பாத்தா மதிக்கத் தெரியும். கொஞ்ச நேரத்துல என்னைக் கூப்பிட்டாரு. "இது மாப்பிள்ளை முறுக்கு இல்லை தாயி. வேலை. நான் தப்பா நினைச்சுட்டேன்"னாரு. அப்புறம் கீழ குனிஞ்சு மணலைக் கிளறிக்கிட்டே, "வேலை சரி. ஆனா ஒரு வார்த்தை ஒட்டிக் கூப்பிட்டா என்ன? நாம வேத்தாளாவே இருக்கோமே"ன்னாரு. எனக்கே அந்தக் கேள்விதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நான் டின்ல இருந்த அதிரசத்தைத் தாம்பாளத்துல எடுத்துக்கிட்டு சமையல் கொட்டாய்க்குப் போனேன், கேங் ஆளுக எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கலாம்னு. அப்பா டின்னைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டாரு. முறுக்கு அப்புறம் குடுப்போம்னாரு. நானும் சரின்னுட்டேன்.

அப்புறம் அப்பா செஞ்சதை அவரு சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டோம். பொழுது சாயப் போகுது, திரும்பிப் போகப் பஸ்ஸைப் பிடிக்கணும். மாப்பிள்ளையால வேலையை விட்டு வர முடியாது. அவரு கையால கொளுத்த முடியாட்டிப் போகுது, சத்தமாவது அவரு காதுல விழட்டும், தலைதீபாவளிக்கு மாமனார் வெடி வெடிச்சாருன்னு அவருக்குத் தெரியட்டும், அதுதான் அப்பாவோட நினைப்பு. டின் அடியில இருந்து மூணு அணுகுண்டு வெடியை எடுத்துக்கிட்டுக் கடக்கரைப் பக்கம் இறங்கியிருக்காரு. காலமெல்லாம் மருந்துல புழங்குன மனுசன், எதுலயும் நிதானம் தவற மாட்டாரு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மணலை அள்ளிப் போட்டுப் பாத்திருக்காரு. கிடுகுக் கொட்டாய் எம்புட்டு தூரம்னு பாத்திருக்காரு. ஆடு மாடு நிக்குதான்னு பாத்திருக்காரு. தண்ணிப் பக்கமாத் தள்ளி, மூணையும் ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு வரிசையா நட்டு, ஊதுபத்தியால திரியைப் பத்த வச்சிருக்காரு. பட்டாசுக்காரன் பாக்க வேண்டிய அத்தனையும் பாத்தாரு. பக்கத்துல லைன் ஓடுது, அதுல வண்டி வந்துக்கிட்டு இருக்குங்கிறதை மட்டும் பாக்கலை.

டமார்னு முத சத்தம் கேட்டுச்சு. எங்க ஊருப் பொம்பளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நினைக்காத நேரத்துல வெடிச்சத்தம் கேட்டா எந்த ஷெட்டு, யாரு உள்ளன்னுதான் மனசு ஓடும். தாம்பாளத்தைப் போட்டுட்டு எந்திரிச்சேன். ரெண்டாவது. மூணாவது. அதோட பின்னாலயே இரும்பும் இரும்பும் உரசுற சத்தம், பல் கூசிப் போற மாதிரி. புதுக்கரை மேல ஊர்ந்து வந்த ஜல்லி வண்டி பாதியில குலுங்கி நின்னுருச்சு. ஜல்லி மேல உட்கார்ந்து வந்தவுக ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாக. ஒருத்தருக்கு முட்டி பேந்து ரத்தம்.

சமையக்காரர் தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிஞ்சது. முன்னால லைன்ல ஆபத்துன்னா கேங்மேன்க தண்டவாளத்து மேல வெடியைக் கட்டி வைப்பாகளாம். தகர டப்பி மாதிரி சின்னதா இருக்குமாம். சக்கரம் ஏறுனதும் வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்டா டிரைவர் எதையும் யோசிக்காம வண்டியை நிறுத்தணும். இந்த வண்டியில என்ஜின் பின்னால இருந்து தள்ளிக்கிட்டு வருது, டிரைவருக்கு முன்னால நடக்கிறது தெரியாது. வரிசையா மூணு சத்தம். அந்த மனுசன் வேற என்ன செய்வாரு? எங்க ஊர்ல வெடிச்சா சந்தோசம். அவுக ஊர்ல வெடிச்சா நில்லுன்னு அர்த்தம்.

நான் ஓடுனேன். எல்லாரும் ஓடுனாக. கரை சரிஞ்சிருச்சுன்னு நினைச்சு இன்ஸ்பெக்டர் தொப்பி எங்க விழுந்துச்சுன்னுகூடப் பாக்காம வண்டிக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு தேடுறாரு. டிரைவர் இறங்கி வந்து லைன்ல என்னய்யா, எங்கய்யா உடைஞ்சிருக்குன்னு கேக்குறாரு. எங்க வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் தண்ணிக்குள்ள இறங்கி மூட்டையைத் தடவிப் பாக்குறாக. ஒண்ணும் உடையலை. அப்புறம்தான் ஒருத்தரு கடக்கரைப் பக்கம் கையைக் காட்டுனாரு.

அங்கன எங்க அப்பா நிக்காரு. கையில ஊதுபத்தி. காலடியில புகை. முகம் நிறையச் சிரிப்பு. எல்லாரும் வெடிச்சத்தம் கேட்டுத் தன்னைப் பாக்கத்தான் ஓடியாராகன்னு நினைச்சுக்கிட்டு நிக்காரு. அந்தச் சிரிப்பு மெதுமெதுவா அணைஞ்சதை நான் பாத்தேன். பெத்த மகளுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

இன்ஸ்பெக்டர் போட்ட சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும். பச்சைக்கரை மேல லோடு வண்டி நிக்குதுய்யா, சரிஞ்சிருந்தா எத்தனை உசிருன்னு நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டாரு. போலீசைக் கூப்பிடுங்கன்னாரு. இந்த ஆளை யாரு உள்ள விட்டது, எந்த கேங் ஆளோட சொந்தம், அவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்னு கத்துனாரு. அப்பா ரெண்டு கையையும் கூப்புனாரு. ஊதுபத்தி விரலுக்கு இடையில இன்னும் புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. "நான்தாங்கய்யா. யாரோட சொந்தமும் இல்லை. வழிப்போக்கன்"னாரு.

அப்பா ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்குப் புரிஞ்சது. மாப்பிள்ளை வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. இந்த ஒரு காரியம் போதும், போயிரும். நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். ஈரம் சொட்டச் சொட்டக் கூட்டத்துக்குப் பின்னால நிக்காரு. அவரு வாயைத் திறக்காம இருந்தாலே போதும், வேலை நிலைச்சிரும். பேசாம இருக்கிறது அவருக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. பேசுனா வேலை போகும், பேசாட்டி எங்க அப்பா அந்நியனாவே அங்கன நிப்பாரு. சாமி, இந்த மனுசன் என்ன செய்யப் போறாருன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன்.

ஆளுகளை விலக்கிக்கிட்டு முன்னால வந்தாரு. அப்பாவுக்குப் பக்கத்துல வந்து நின்னாரு.

"எங்க அப்பா சார். எனக்குத் தலைதீபாவளி. நான் வரலைன்னு வெடியோட வந்திருக்காக. ரூல் அவுகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தான் சொல்லி வச்சிருக்கணும். எழுதுறதா இருந்தா எம் பேரை எழுதுங்க"ன்னாரு.

கல்யாணமாகி அவரு அம்புட்டு வார்த்தை சேந்தாப்புலப் பேசி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் அவரையே பாத்தாரு. எங்க வீட்டுக்காரரோட அப்பா செத்தப்பத் தோள் குடுத்துத் தூக்குனவுகள்ல இந்த இன்ஸ்பெக்டரும் ஒருத்தராம், அது எனக்குப் பின்னாலதான் தெரியும். "உங்க அப்பனை எனக்குத் தெரியாதாலே? நான் தூக்கிப் போட்டவன்லே. இது எந்த அப்பன்?"னு கேட்டாரு. சத்தம் இறங்கியிருந்துச்சு.

"இவுகளும் அப்பாதான் சார்."

இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைச்சாரு, தண்டவாளத்து மேல உட்கார்ந்தாரு. மீதி வெடி எங்கன்னு கேட்டாரு. டின்னைக் கொண்டாந்தோம். எல்லாத்தையும் என் கண்ணு முன்னால தண்ணியில போடுங்கன்னுட்டு, கரையைப் பாக்க நாலு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. பேரையும் எழுதலை, போலீசையும் கூப்பிடலை. திரும்பி வந்தப்ப முட்டி பேந்தவருக்கு மருந்து போட்டாச்சான்னு மட்டும் கேட்டாரு.

அப்பா வாளியில கடல்தண்ணி மொண்டு வச்சு உட்கார்ந்தாரு. சும்மா போட்டா மிதக்கும், காஞ்சதும் யாராவது எடுத்து வெடிப்பாக. அதனால ஒவ்வொண்ணாத் திரியைப் பிடுங்கி, காகிதத்தைப் பிரிச்சு, மருந்து கரையுற வரைக்கும் விரலால அலசுனாரு. எங்க வீட்டுக்காரரு எதிர குத்தவச்சு உட்கார்ந்து வாளியைப் பிடிச்சுக்கிட்டாரு. புண்ணுப்பட்ட கையில உப்புத்தண்ணி எரிஞ்சிருக்கும். அப்பா மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. தலைதீபாவளிக்குன்னு பரண்ல ஏத்திப் பாத்துக்கிட்டுக் கிடந்த வெடி அத்தனையும் தண்ணியில போச்சு. எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. அந்த மனுசனைக் கட்டிக்கிட்டதுக்கு எந்தச் சாமிக்குக் கும்பிடு போடணும்னு தெரியாம நான் கடலைப் பாத்துக் கும்பிட்டேன்.

கரை நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும் வண்டியை எடுத்தாக. நடக்கிற வேகம்கூட இல்லை. எங்க வீட்டுக்காரரு சக்கரத்தைப் பாத்துக்கிட்டே பக்கத்துல நடந்தாரு. ஒவ்வொரு பெட்டியும் அந்த இடத்தைத் தாண்டுறப்ப மூட்டையெல்லாம் லேசா அமுங்கி நிக்குது. கடைசியா என்ஜினும் தாண்டுனதும் ஆளுக துண்டை எடுத்து வீசுனாக. இன்ஸ்பெக்டர் சமையல் கொட்டாய்க்கு வந்து தரையில சிதறாம மிஞ்சியிருந்த அதிரசத்துல ரெண்டு எடுத்துக்கிட்டுப் போனாரு. போறப்ப அப்பாவைப் பாத்து, "பெரியவரே, லைன் பக்கம் இனிமே பூச்சட்டியோட நிறுத்திக்கங்க"ன்னாரு.

ரோடு வரைக்கும் எங்க வீட்டுக்காரரு எங்களைக் கொண்டாந்து விட்டாரு. வேலை முடிஞ்சதும் நேரா நாரணாபுரம்தான் வருவேன், புதுவேட்டியை மடிச்சு வைன்னு என்கிட்டச் சொன்னாரு. நான் அவரு கையைப் பிடிச்சு, உரிஞ்ச தோலைப் பாத்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவணும்னு சொன்னேன். ரோட்டுல ஆளுக போக வர இருந்தாக. இருந்துட்டுப் போகட்டும்னு கையை விடலை. பஸ் வந்துச்சு.

அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாரு. இருட்டி வந்துச்சு. வேன்ல ஊர்க்கதை பூராப் பேசுற மனுசன் ராமநாதபுரம் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கலை. பரமக்குடி பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, "அந்த அய்யாகிட்ட மாப்பிள்ளை என்னன்னு சொன்னாரு தாயி? கடல் இரைச்சல்ல சரியாக் கேக்கலை"ன்னாரு. எங்க அப்பான்னு சொன்னாருன்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டு வெளிய பாத்தாரு. பரமக்குடி தாண்டுனதும் மறுபடி கேட்டாரு. மறுபடி சொன்னேன். எனக்குக் கோவமே வரலை. அவருக்குப் பக்கத்துல நின்னுதான் மாப்பிள்ளை அதைச் சொன்னாரு, அப்பாவுக்குக் காதும் நல்லாக் கேக்கும். நாரணாபுரம் வந்து இறங்குற வரைக்கும் அவரு கேட்டுக்கிட்டே வந்தாரு, நானும் சொல்லிக்கிட்டே வந்தேன்.